ஸ்ட்ரையேட்டமும் வெகுமதியும்: புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுக் கொழும்பில் மருத்துவமோ உளவியலோ விலங்கியலோ தொடங்கியிருக்கும் தமிழ்மொழிமூல மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எப்படியும் ஒரு நாள் மூளையும் வெகுமதியும் பற்றிய ஓர் ஆய்வுக்கட்டுரை உங்கள் கைக்கு வரும். திறந்தால் பக்கம் முழுக்கப் புள்ளிகள், அதற்குக் கீழே மேடும் பள்ளமுமாக ஒரு வரைபு. ஸ்ட்ரையேட்டம் என்பது மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி. "வெகுமதி கிடைத்ததும் ஸ்ட்ரையேட்டம் தூண்டப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த வரியால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. எந்த இடத்தில் உள்ள கலம், எந்த வகைக் கலம், வெகுமதிக்கு முன்னா பின்னா, இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தகவல். இந்த மூன்றையும் ஒரு கட்டுரையிலிருந்து எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் கீழே ஒழுங்காகச் சொல்லப்போகிறேன்.

முதலில் இடம்

கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்து மூளையின் குறுக்குவெட்டு ஒன்றைப் பென்சிலால் கீறுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. ஸ்ட்ரையேட்டத்தை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். மூளையின் ஆழத்தில், பக்க அறைகளை ஒட்டி வளைந்து கிடப்பது கோடேட். அதற்கு வெளிப்பக்கம் பியூட்டேமன். இரண்டுக்கும் நடுவில் உட்கவசம் என்ற வெண்ணிற நார்க்கற்றை ஓடுகிறது. முன்பக்கம் கீழே, இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் இருப்பது அக்கம்பென்ஸ். இந்த அடிப்பகுதியைத்தான் கட்டுரைகள் கீழ் ஸ்ட்ரையேட்டம் என்கின்றன. கோடேட்டும் பியூட்டேமனும் மேல் ஸ்ட்ரையேட்டம். மனிதனிலும் குரங்கிலும் இப்படி. எலியிலும் சுண்டெலியிலும் கோடேட்டும் பியூட்டேமனும் பிரியாமல் ஒரே திரளாக இருப்பதால் மேல்-நடுப்பகுதி, மேல்-பக்கப்பகுதி என்று பிரித்துப் பேசுவார்கள். முன்னது ஏறக்குறைய கோடேட்டுக்கும், பின்னது பியூட்டேமனுக்கும் இணை. எலியில் செய்த கட்டுரையையும் குரங்கில் செய்த கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது இந்த ஒப்பீடு கையில் இல்லாவிட்டால் குழம்பிப் போவீர்கள்.

இனி ஒவ்வொரு பகுதிக்கும் அம்புக்குறி போட்டு, செய்தி எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். அக்கம்பென்ஸுக்கு: அமிக்டலா, ஹிப்போகம்பஸ், கண்குழிக்கு மேலுள்ள முன்நுதல் மேற்பட்டை. கோடேட்டுக்கு: முன்நுதல் மேற்பட்டையின் மற்றப் பகுதிகள், கண் அசைவுக்கான பகுதிகள். பியூட்டேமனுக்கு: உடல் அசைவுக்கும் தொடுகைக்கும் பொறுப்பான மேற்பட்டை. டோபமீன் என்ற நரம்புக் கடத்தியும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அக்கம்பென்ஸுக்குப் பெரும்பாலும் நடுமூளையின் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியிலிருந்தும், மேல் ஸ்ட்ரையேட்டத்துக்குப் பெரும்பாலும் சப்ஸ்டான்சியா நைக்ராவிலிருந்தும் வருகிறது. இந்த ஒரு பக்கப் படத்தைக் கட்டுரை வாசிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வைத்திருங்கள். ஒரு கலம் எந்த வகை வெகுமதிச் செய்தியைச் சொல்லக்கூடும் என்பதைப் பெருமளவுக்கு அதன் உள்ளீடுகளே தீர்மானிக்கின்றன.

அடுத்து கலம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஸ்ட்ரையேட்டத்தில் மிகப் பெரும்பான்மை நடுத்தர அளவுள்ள முள்நரம்புக்கலங்கள். எலிகளில் 90 வீதத்துக்கு மேல் இவைதான். இவை காபா என்ற நரம்புக் கடத்தியை வெளிவிட்டு அடுத்த கலத்தை அடக்குபவை. ஓய்வில் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கும், செக்கனுக்கு ஒரு கணத்தாக்கம் வருவதே அபூர்வம். ஸ்ட்ரையேட்டத்திலிருந்து செய்தி வெளியேற இரண்டு பாதைகள் உண்டு. டி1 என்ற டோபமீன் ஏற்பி உள்ளவை நேர்வழியையும், டி2 ஏற்பி உள்ளவை மறைமுக வழியையும் அமைக்கின்றன.

அப்புறம் ஒரு சிறுபான்மை: அசற்றைல்கோலின் வெளிவிடும் இடைநரம்புக்கலங்கள். மொத்தத்தில் 1 அல்லது 2 வீதம்தான். ஆனால் இவை ஓய்விலும் செக்கனுக்கு 2 முதல் 10 கணத்தாக்கங்கள் வரை சுட்டுக்கொண்டே (வெளியிட்டுக்கொண்டே) இருப்பதால் மின்வாயில் சுலபமாக அகப்படும். வெகுமதியை முன்னறிவிக்கும் ஒலியோ ஒளியோ வந்தால் இவை கூடுதலாகச் சுடுவதில்லை, கொஞ்ச நேரம் நின்றுவிடுகின்றன. ஆகவே "பதில்" என்றால் எப்போதும் மேலே எழும் மேடு என்று எண்ணிக்கொண்டு வரைபைப் பார்க்காதீர்கள். இந்தக் கலங்களில் பள்ளம்தான் பதில்.

கட்டுரையின் முறையியல் பகுதியில் கலங்களை எப்படி வகைப்படுத்தினார்கள் என்ற பந்தி இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். கணத்தாக்கத்தின் அகலத்தையும் சுடும் வேகத்தையும் வைத்துத்தான் பெரும்பாலும் பிரிப்பார்கள்.

புள்ளிப் படத்தை வாசித்தல்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். கட்டுரையில் வரும் புள்ளிப் படத்தில் ஒரு வரிசை என்றால் விலங்கு அந்தப் பணியை ஒரு தடவை செய்தது. வரிசையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அல்லது சிறு கோடும் ஒரு கணத்தாக்கம். கிடை அச்சு நேரம். எல்லா வரிசைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கீழே உள்ள வரைபு கிடைக்கும்.

முதல் வேலை, கீழேயுள்ள வரைபை ஒரு தாளால் மூடிவிடுவது. சராசரி கண்ணை ஏமாற்றும். 40 வரிசைகளில் 6 வரிசைகள் மட்டும் பலமாகச் சுட்டிருந்தாலும் சராசரியில் அழகான மேடு வந்துவிடும். புள்ளிகளை மட்டும் பார்த்து, மேலிருந்து கீழ்வரை எல்லா வரிசைகளிலும் அதே இடத்தில் அடர்த்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பூச்சியம் எது என்று தேடுங்கள். நிலைக்குத்தாக ஒரு கோடு இருக்கும். அது ஒளி எரிந்த நேரமா, விலங்கு கையை அசைத்த நேரமா, பழச்சாறு வாயில் விழுந்த நேரமா? இதைப் படத்தின் கீழ்க்குறிப்பில் எழுதியிருப்பார்கள். எழுதாத கட்டுரையை நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

மூன்றாவது, அடிமட்டத்தை அந்தக் கோட்டின்மேல் நிமிர்த்தி வைத்து, அடர்த்தி கோட்டுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா தொடங்குகிறது என்று பாருங்கள். கோடு வெகுமதியின் நேரம் என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு முன்பே மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வந்து, வெகுமதி கிடைத்ததும் சட்டென்று அடங்கினால் அது எதிர்பார்ப்பு. கோட்டுக்குப் பிறகு தொடங்கினால் அது வெகுமதிக்கான பதில், அல்லது விழுங்குதல், நக்குதல் போன்ற வாய் அசைவின் தடம். கோட்டுக்கு வெகுதூரம் முன்னால், அறிகுறி ஒளியை ஒட்டி ஒரு கொத்து மட்டும் இருந்தால் அது அறிகுறிக்கான பதில். மூன்றையும் "வெகுமதி தொடர்பான செயற்பாடு" என்று ஒரே பெயரில் அழைக்கலாம்தான். ஆனால் மூன்றும் மூன்று வேலைகள்.

உல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1992ல் குரங்கின் கீழ் ஸ்ட்ரையேட்டத்தில் பதிவு செய்தபோது முதலில் சொன்ன வகையைத் தெளிவாகக் கண்டார்கள். வெகுமதி வரும்வரை கூடிக்கொண்டே போய், வெகுமதி வந்ததும் நின்றுவிடும் கலங்கள். வெகுமதி தாமதமானால் இவற்றின் செயற்பாடும் நீண்டுகொண்டு போகும். முதன்முதலாக வாசிக்க அந்தக் கட்டுரையின் படங்களைத்தான் நான் சிபாரிசு செய்வேன், புள்ளிகள் அவ்வளவு துலக்கமாக இருக்கும். பப்மெட் (PubMed) என்ற இணையத்தளத்தில் தேடினால் கிடைக்கும்.

டோபமீனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்

பொது நூலகத்தில் ஒரு முதலாம் வருட மாணவி என்னிடம் கேட்டார்: "அக்கா, டோபமீன் கூடினால் சந்தோஷம் கூடும் என்பதைத்தானே இவ்வளவு நீட்டி எழுதியிருக்கிறார்கள்?"

"இல்லை தங்கச்சி, நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமீன் கலம் சொல்கிறது. வா, கணக்காகவே போட்டுப் பார்ப்போம்."

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பாண், பணிஸ் விற்கும் சூன் பாண் ஆட்டோ தூரத்தில் மெட்டோடு வருகிறது. புதிதாக அந்த ஒழுங்கைக்குக் குடிவந்த ஒரு பிள்ளைக்கு மெட்டு ஒன்றும் சொல்லாது, மாலுபாண் கையில் கிடைக்கும்போதுதான் ஆச்சரியம். சில நாள் போனால் மெட்டுக் கேட்டவுடனேயே எல்லாம் நடந்துவிடும், கையில் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஒரு நாள் மெட்டுக் கேட்டு, ஆட்டோ நிற்காமல் போய்விட்டால்?

எதிர்பார்ப்பின் பெறுமதியைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். கிடைக்கும் வெகுமதி 1. கற்கும் வீதம் 0.2 என்று வைப்போம். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது வழு. முதல் தடவை வழு 1 - 0 = 1. அதில் 0.2 பங்கு சேர்ந்து எதிர்பார்ப்பு 0.2 ஆகிறது. இரண்டாம் தடவை வழு 0.8, எதிர்பார்ப்பு 0.36. மூன்றாம் தடவை வழு 0.64, எதிர்பார்ப்பு 0.488. நான்காவதில் 0.590. ஐந்தாவதில் 0.672. ஆறாம் தடவை வெகுமதியே வரவில்லை: வழு 0 - 0.672, அதாவது -0.672. எதிர்பார்ப்பு 0.538க்கு இறங்குகிறது. இதைக் கொப்பியில் நீங்களே போடுங்கள், கல்குலேட்டர் கூடத் தேவையில்லை.

வழு என்ற நிரலைத்தான் நடுமூளையின் டோபமீன் கலங்கள் ஏறக்குறையப் பின்பற்றுகின்றன. ஷுல்ட்ஸ், டயான், மொன்டேக் மூவரும் 1997ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட மூன்று புள்ளிப் படங்கள் இதைக் காட்டும். எதிர்பாராமல் வந்த சாறுக்கு ஒரு வெடிப்பு. கற்ற பிறகு, அறிகுறிக்கு வெடிப்பு, சாறுக்கு ஒன்றுமில்லை. அறிகுறி வந்து சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே கணத்தில் ஒரு பள்ளம். வெடிப்பு அறிகுறி வந்து சுமார் 100 மில்லிசெக்கனில் வந்துவிடும். ஷுல்ட்ஸ், டயான், டோலன் ஆகியோருக்கு மூளை ஆய்வுக்கான 2017ன் பிரெயின் பரிசு கிடைத்தது இந்த வழித்தட ஆய்வுக்காகத்தான்.

ஏன் இதைத் தனியாக வைக்கச் சொல்கிறேன்? டோபமீன் கலத்தின் உடல் நடுமூளையில் இருக்கிறது, ஸ்ட்ரையேட்டத்தில் அல்ல. ஸ்ட்ரையேட்டத்துக்கு வருவது அதன் நரம்புமுளைதான். ஸ்ட்ரையேட்டத்தின் முள்நரம்புக்கலங்கள் அந்த வழுச் செய்தியைப் பெற்று, மேற்பட்டையிலிருந்து வரும் தொடர்புகளைப் பலப்படுத்தவோ பலவீனப்படுத்தவோ பயன்படுத்துகின்றன. ஆனால் தாங்கள் சுடும்போது வழுவை அப்படியே திருப்பிச் சொல்வதில்லை. மாணவர் விடைகளில் நான் அதிகம் காணும் கலப்படம் இதுதான்: டோபமீன் கலத்தின் படத்தை வைத்துக்கொண்டு ஸ்ட்ரையேட்டத்தின் கதையை எழுதுவது.

இனிப் பகுதிகளை ஒப்பிடுங்கள்

ஒரே கேள்வியை மூன்று பகுதிகளிடமும் கேளுங்கள்: வெகுமதி எதோடு கட்டப்பட்டிருக்கிறது?

அக்கம்பென்ஸில் பெரும்பாலும் அது அறிகுறியோடும் காத்திருப்போடும் கட்டப்பட்டிருக்கும். விலங்கு எந்தக் கையை அசைக்கப் போகிறது என்பது அங்கே அவ்வளவு முக்கியமாக இருப்பதில்லை. நல்லது வரப்போகிறதா, எவ்வளவு, எப்போது என்பதுதான் தெரியும்.

கோடேட்டில் வெகுமதி, பார்க்கும் பொருளோடும் திசையோடும் பின்னிக்கொண்டு வரும். கவகோயே, தகிகாவா, ஹிகோசாகா ஆகியோர் 1998ல் செய்த பணியை ஒரு தடவை நிதானமாகப் படித்தால் விளங்கும். குரங்கு நான்கு திசைகளில் ஒன்றை நினைவில் வைத்து அங்கே கண்ணைத் திருப்ப வேண்டும். எல்லாத் திசைக்கும் சரியாகத் திருப்பித்தான் ஆக வேண்டும், ஆனால் ஒரு தொகுதியில் ஒரே ஒரு திசைக்குத்தான் சாறு. அடுத்த தொகுதியில் அந்தத் திசை மாறும். கண்ணில் படும் ஒளிப்புள்ளி அதேதான், செய்ய வேண்டிய அசைவும் அதேதான். ஆனாலும் சாறு எந்தத் திசைக்கு என்பதைப் பொறுத்துக் கோடேட் கலத்தின் பதில் பலமாக மாறியது. வெகுமதி தனியாக நின்று பேசவில்லை, பார்வைச் செய்தியின் அளவைக் கூட்டியது, குறைத்தது. இந்தப் பரிசோதனையை வடிவமைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மற்ற எல்லாவற்றையும் அசையாமல் வைத்துவிட்டு வெகுமதியை மட்டும் நகர்த்துகிறார்கள்.

கோடேட்டுக்குள்ளேயே தலைப்பக்கமும் வால்பக்கமும் ஒன்றல்ல. கிம்மும் ஹிகோசாகாவும் 2013ல் காட்டியதன்படி, தலைப்பகுதியின் கலங்கள் இப்போது மாறிக்கொண்டிருக்கும் பெறுமதியைப் பின்தொடர்கின்றன. வால்பகுதியின் கலங்கள் நாட்கணக்காகப் பழகி நிலைத்துப்போன பெறுமதியைப் பிடித்துக்கொள்கின்றன. "கோடேட்டில் பதிவு செய்தோம்" என்று மட்டும் ஒரு கட்டுரை சொன்னால், எந்தக் கோடேட் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பியூட்டேமனில், எலியின் மேல்-பக்கப்பகுதியிலும், வெகுமதி அசைவோடு சேர்ந்து வரும். இந்தக் கையை இப்படித் திருப்பினால் எவ்வளவு கிடைக்கும் என்ற செயலின் பெறுமதி. சமேஜிமா, உவேதா, டோயா, கிமுரா 2005ல் குரங்குகளை ஒரு கைப்பிடியை இடமோ வலமோ திருப்ப வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் சாறு கிடைக்கும் நிகழ்தகவை 10, 50, 90 வீதம் என்று மாற்றினார்கள். கோடேட்டிலும் பியூட்டேமனிலும் பதிவு செய்த கலங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரு பக்கத்தின் பெறுமதியை மட்டும் பின்பற்றின. இதை வாசித்த கையோடு 2018ல் எல்பர்-டொரோஸ்கோவும் லோவன்ஸ்டைனும் வெளியிட்ட விமர்சனத்தையும் வாசியுங்கள். கலம் சுடும் வேகம் தானாகவே மெல்ல ஏறி இறங்கும். பெறுமதியும் மெல்லத்தான் மாறும். மெதுவாக மாறும் இரண்டை ஒப்பிட்டால் தொடர்பு இல்லாத இடத்திலும் தொடர்பு தெரியும் என்பது அவர்கள் வாதம். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஓர் உரிமைகோரலை எப்படி எடைபோடுவது என்று பழகும்.

பழக்கமாகிப்போன செயல்களில் மேல்-பக்கப்பகுதிக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. எலி நெம்பை அழுத்திச் சீனி பெறுகிறது. நீண்ட நாள் பழக்கிய பிறகு சீனியை அதற்கு வெறுக்க வைத்தாலும் அழுத்திக்கொண்டே இருக்கும். மேல்-பக்கப்பகுதியைச் சேதப்படுத்திய எலியோ சீனி வேண்டாமென்றதும் அழுத்துவதைக் குறைத்துவிடும். மேல்-நடுப்பகுதியைச் சேதப்படுத்தினால் நடப்பது இதற்கு மறுபக்கம். வாட்டில் பார்க்கின்சன் நோயாளர் ஒருவர் சட்டைப் பொத்தானைப் பூட்டத் திணறுவதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நோயில் டோபமீன் முதலில் அதிகமாகக் குறைவது பியூட்டேமனின் பின்பகுதியில்தான்.

நிறம் பூசிய மூளைப் படங்கள்

மனிதரில் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் எஃப்எம்ஆர்ஐ படங்கள்தான். அவை இரத்தத்தின் ஒட்சிசன் மாற்றத்தைப் பார்க்கின்றன. உச்சம் 5, 6 செக்கன் தாமதமாக வரும், படத்தின் ஒரு சிறு கனசதுரத்துக்குள் பல இலட்சம் நரம்புக்கலங்கள் அடங்கும். அக்கம்பென்ஸ் சிவப்பாக எரிகிறது என்றால் அங்குள்ள கலங்கள் சுட்டன என்றும் இருக்கலாம், அங்கே வந்து சேரும் உள்ளீடு கூடியது என்றும் இருக்கலாம். கலம் பற்றிய முடிவுக்கு இதை மட்டும் வைத்துப் போகாதீர்கள். அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கையால் ஒரு கலத்தைப் பாருங்கள்

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஸ்டைன்மெட்ஸும் உடனிருந்தவர்களும் 2019ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 10 சுண்டெலிகள், 39 பதிவு அமர்வுகள், 42 மூளைப் பகுதிகளில் சுமார் 30,000 நரம்புக்கலங்கள். நியூரோமேட்ச் அகடமி என்ற இணையவழிப் பயிற்சி அமைப்பு இதைச் சுருக்கி, பைதன் நிரல்மொழிக் குறிப்பேட்டோடு வைத்திருக்கிறது. உலாவியிலேயே நிரல் இயக்கும் கூகுள் கொலாப்பில் திறந்தால் பெரிய கோப்புகள் கூகுளின் கணினிக்குத்தான் இறங்கும், உங்கள் டேட்டா கார்ட் கரையாது. ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.

பணி இதுதான்: திரையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கோடுபோட்ட படங்கள் வரும். எந்தப் பக்கம் துலக்கமோ அதற்கேற்பச் சுண்டெலி முன்காலால் சில்லைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் படம் இல்லாவிட்டால் அசையாமல் இருக்க வேண்டும். சரியென்றால் தண்ணீர்த் துளி, பிழையென்றால் இரைச்சல்.

பகுதிப் பெயர்களில் சி.பி. (CP) என்பது மேல் ஸ்ட்ரையேட்டம், ஏ.சி.பி. (ACB) என்பது அக்கம்பென்ஸ். எல்லா அமர்விலும் இவை இருக்காது, ஆகவே முதலில் இவை உள்ள அமர்வுகளைப் பொறுக்கி எடுங்கள். நேரம் 10 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும், தொடக்கம் படம் தோன்றுவதற்கு அரை செக்கன் முன்பு. அதாவது படம் தோன்றுவது 50 துண்டுகள் கழித்து. இந்த அரை செக்கனை மறந்தால் எல்லாப் பதிலும் இடம்மாறித் தெரியும். ஒரு துண்டில் உள்ள சராசரி எண்ணிக்கையை 0.01ஆல் வகுத்தால் செக்கனுக்கு எத்தனை என்று வரும்.

ஒரு கலத்தை எடுத்து இரண்டு புள்ளிப் படங்கள் போடுங்கள். ஒன்றில் பூச்சியம் படம் தோன்றிய நேரம், மற்றதில் பூச்சியம் தண்ணீர் கிடைத்த நேரம். எந்தப் படத்தில் புள்ளிகள் இறுக்கமாக ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவோ, அந்த நிகழ்வோடுதான் கலம் கூடுதலாகக் கட்டப்பட்டிருக்கிறது. சரி, தண்ணீரோடு இறுக்கமாக நிற்கிறது என்று வைப்போம். உடனே வெகுமதிக் கலம் என்று பெயர் வைக்காதீர்கள். இடம் திருப்பிப் பெற்ற தண்ணீர், வலம் திருப்பிப் பெற்ற தண்ணீர், அசையாமல் இருந்து பெற்ற தண்ணீர் என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றிலும் பதில் ஒரே அளவென்றால் அசைவின் பங்கு குறைவு. ஒன்றில் மட்டும் பெரிதென்றால் அந்தக் கலம் செயலையும் சேர்த்துச் சொல்கிறது. அப்புறம் நக்கிய நேரங்கள் தனியாகப் பதிவாகியிருக்கின்றன, அவற்றைப் பூச்சியமாக வைத்து மூன்றாவது படம் போடுங்கள். நாக்கோடு இன்னும் இறுக்கமாக நின்றால், நீங்கள் பார்த்தது தண்ணீரின் பெறுமதி அல்ல, நாக்கின் அசைவு.

இன்னொரு எச்சரிக்கை. சரியாகச் செய்த தடவைகளையும் பிழையாகச் செய்த தடவைகளையும் ஒப்பிடும்போது பிழையில் இரைச்சலும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வித்தியாசம் தண்ணீரால் வந்ததா, இரைச்சலால் வந்ததா என்று அந்த ஒப்பீடு மட்டும் சொல்லாது. படம் தோன்றுவதற்கு முந்திய அரை செக்கனில் கலம் எவ்வளவு சுட்டது என்பதை ஒப்பீட்டு அளவாக எடுத்து, இரண்டு வகைத் தடவைகளையும் தனித்தனியாக அதோடு ஒப்பிடுங்கள். எது மேலே போனது, எது கீழே போனது என்று அப்போது தெரியும்.

சி.பி.யில் ஐந்து கலம், ஏ.சி.பி.யில் ஐந்து கலம் இப்படிச் செய்து, ஒவ்வொன்றுக்கும் இடம், ஓய்வில் சுடும் வேகம், எந்த நிகழ்வோடு இறுக்கம், முன்னா பின்னா, அசைவைப் பிரித்த பிறகும் மிஞ்சியதா என்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். பத்து வரியில் எந்தப் பகுதியைப் பற்றியும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆய்வுக்கட்டுரையைத் திறக்கும்போது அதை எழுதியவர்கள் இந்த ஐந்தில் எதைச் செய்தார்கள், எதை விட்டார்கள் என்று உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும்.